ஊருக்குக் கத்தி வாங்கிப் போறவங்க கவனத்துக்கு

ஒரு காலத்தில் கல்ஃப்காரன் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்று நம்மூர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கோடாலித் தைலம், டைகர் பாம், டாங் பொடி, நிடோ டப்பா, மூணு பேட்டரி டார்ச், வெளிநாட்டு சோப்பு. (சோப்பு வாசனையை வைத்தே எந்த வீட்டுக்குப் பெட்டி வந்திருக்கிறது என்று தெரு முழுக்கக் கண்டுபிடித்துவிடும்.) இப்போது இதெல்லாம் களியக்காவிளையிலேயே கிடைக்கிறது. பெட்டியை நிரப்பப் புதுசாக எதையாவது தேட வேண்டியிருக்கிறது. கொஞ்ச வருஷமாக அந்தப் பட்டியலில் ஒரு சாமான் ஏறியிருக்கிறது. மடக்குக் கத்தி. சும்மா கத்தி இல்லை மக்கா, "ரெஸ்க்யூ நைஃப்"!

ஹைப்பர் மார்க்கெட்டில் கார் சாமான் தொங்கும் பக்கம் போனால் பார்க்கலாம். கறுப்பு, இல்லாவிட்டால் ராணுவப் பச்சை. கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் விரிகிற கூரான பிளேடு, பிடியில் சீட் பெல்ட் அறுக்க ஒரு பள்ளம், பிடியின் கடைசியில் கண்ணாடி உடைக்க ஒரு முனை, பாக்கெட்டில் மாட்ட ஒரு கிளிப். நாலு வேலைக்கு ஒரே சாமான், விலையும் கையைக் கடிக்காது. மச்சானுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, கடலுக்குப் போகிற சித்தப்பாவுக்கு ஒண்ணு என்று அள்ளிப் போட்டுக்கொள்கிறோம்.

என் கட்சி இதுதான். காருக்கு வேண்டியது வேறு, கயிறுக்கு வேண்டியது வேறு. இரண்டுக்கும் ஆகும் என்று மலிவாக விற்கப்படுகிற இந்தக் கத்தி பெரும்பாலும் இரண்டுக்கும் உதவாது. இன்னும் சொல்லப்போனால் காருக்குக் கத்தியே வேண்டாம்.

நெய்யாற்றின்கரை தாலுகாவில், குறிப்பாகப் பாறசாலை, காரோடு, குளத்தூர், பொழியூர்ப் பக்கம், கார் ஓட்டுகிறவர், கடலுக்குப் போகிறவர், கல்ஃபில் ரிக்கராக இருக்கிறவர் மூன்று பேரும் ஒரே குடும்பத்திலோ அடுத்த வீட்டிலோ இருப்பார்கள். வண்டி நம்பர் கேஎல் 19 ஆக இருந்தாலும் கேஎல் 20 ஆக இருந்தாலும், எல்லை தாண்டி டிஎன் 75 ஆக இருந்தாலும் கதை இதேதான். அதனால் மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் கார்.

நம்ம ஊர் ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்.எச். 66 பைபாஸில் முக்கோலையில் இருந்து காரோடு வரைக்கும் கான்கிரீட் ரோடு. வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அதை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் குளம், மறுபக்கம் சானல், நடுவில் ஒன்றரைக் கார் அகலத்துக்கு ஒரு பாதை. நாம் லீவுக்குப் போவதோ ஜூனிலும் ஜூலையிலும். இங்கே பள்ளிக்கூடம் அடைக்கிற நேரம், அங்கே இடவப்பாதி மழை கொட்டுகிற நேரம். வாடகைக் கார், ரோட்டின் வலப்பக்கம் ஓட்டிப் பழகின கை, ராத்திரி, மேப் காட்டுகிற வழி. கேட்கணுமா?

2023 அக்டோபர் 1, நள்ளிரவு தாண்டின நேரம். எறணாகுளம் மாவட்டம் கோதுருத்துப் பக்கம் கனமழையில் மேப்பைப் பார்த்து வந்த ஒரு கார் பெரியாற்றில் இறங்கிவிட்டது. உள்ளே ஐந்து பேர். இரண்டு இளம் டாக்டர்கள் இறந்துபோனார்கள். 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறையில் ஹைதராபாத்தில் இருந்து வந்த சுற்றுலாக்காரர்களின் கார் இதே மாதிரி தோட்டில் விழுந்தது. நாலு பேரும் தப்பித்தார்கள், கார்தான் முழுகியது.

ஏதோ ஊரில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரல் 16 யாருக்கு மறக்கும்? 1949-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதில் இருந்து எமிரேட்ஸ் பார்க்காத மழை. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளில் 254.8 மில்லிமீட்டர். வெள்ளத்தில் சிக்கின காருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஓமானில் சமத் அஷ்ஷானில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியை வாதி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நிரம்பி ஓடுகிற வாதிக்குள் வண்டியை இறக்கினால் எமிரேட்ஸில் 2,000 திர்ஹாம் அபராதம், 23 கறுப்புப் புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல் என்று 2023-லேயே சட்டம் கொண்டுவந்தது சும்மா இல்லை.

தண்ணீரில் கார் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கனடாவில் ஒருவர் வாழ்நாள் வேலையாகவே செய்திருக்கிறார். மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட். ஆளை உள்ளே வைத்தே காரைத் தண்ணீரில் இறக்கிப் பல தடவை சோதித்துப் பார்த்தவர். அவர் சொல்வதன் சாரம்: கார் உடனே முழுகாது, கொஞ்ச நேரம் மிதக்கும். நமக்கு இருப்பது முதல் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் போன் எடுத்து யாரையும் கூப்பிடாதே. கதவைத் திறக்காதே, திறந்தால் தண்ணீர் மடை திறந்த மாதிரி உள்ளே வரும். பெல்ட்டைக் கழற்று, ஜன்னல் கண்ணாடியை இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளு, நீயும் வெளியே வா. பவர் விண்டோ தண்ணீர் பட்ட உடனே செத்துவிடாது, அந்த முதல் நிமிஷத்தில் பெரும்பாலும் வேலை செய்யும். தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டால் அழுத்தத்தில் கண்ணாடி இறங்காது. அப்போதுதான் உடைக்க வேண்டிய கட்டம் வருகிறது.

இப்போது நம்ம கத்திக்கு வருவோம்.

கத்தியின் பின்பக்க முனையால் கண்ணாடியைக் குத்த வேண்டுமென்றால் கையை ஓங்க இடம் வேண்டும். தண்ணீருக்குள் ஓங்கிப் பாருங்கள், கை நகராது. ஸ்பிரிங் வைத்த பஞ்ச் என்றால் ஓங்கவே வேண்டாம். கண்ணாடியின் மூலையில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கே அடித்துவிடும். சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவு சின்னச் சாமான், அதிலேயே ஒரு பக்கம் பெல்ட் அறுக்கிற பள்ளமும் இருக்கும். அமெரிக்காவில் ஏஏஏ என்கிற வாகன ஓட்டிகள் சங்கம் 2019-இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. சுத்தியல் வகை மூன்று, ஸ்பிரிங் வகை மூன்று. ஆறில் நாலுதான் சாதாரண டெம்பர்டு கண்ணாடியையே உடைத்தன. ஸ்பிரிங் வகைதான் மேல் என்பது அவர்கள் முடிவு. லாமினேட்டட் கண்ணாடியை ஆறில் ஒன்றுகூட உடைக்கவில்லை!

இந்தக் கடைசி வரியை ரெண்டு தடவை படியுங்கள். முன் கண்ணாடி எல்லாக் காரிலும் இப்போது லாமினேட்டட்தான். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டினது. விரிசல் விடும், ஓட்டை விழாது. பக்கவாட்டுக் கண்ணாடி வழக்கமாக டெம்பர்டு, ஒரு புள்ளியில் பட்டால் கல்கண்டு மாதிரி உதிரும். ஆனால் விபத்தில் ஆள் வெளியே தூக்கி வீசப்படாமல் இருக்கவும் சத்தம் குறையவும் இப்போது பல புது மாடல்களில் பக்கவாட்டிலும் லாமினேட்டட் போடுகிறார்கள். அமெரிக்காவில் 2018 மாடல்களில் மூன்றில் ஒன்று அப்படித்தான் என்று அதே ஏஏஏ சொல்கிறது. உங்கள் கார் எப்படி என்று தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை. ஜன்னல் கண்ணாடியின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் டெம்பர்டு, லாமினேட்டட் என்று எழுதியிருக்கும். முன் ஜன்னல், பின் ஜன்னல், டிக்கிக் கண்ணாடி எல்லாவற்றையும் பாருங்கள். எது உடையும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் டெம்பர்டு கண்ணாடியும் உதிராமல் ஜமுக்காளம் மாதிரி தொங்கும், பஞ்சால் அடித்த பிறகு காலால் உதைத்துத் தள்ள வேண்டும்.

(சீட்டின் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி அதன் கம்பியால் உடைக்கலாம், அதற்காகத்தான் கழறுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அதற்காக வைக்கவில்லை. உயரம் சரி செய்ய வைத்தது. சில காரில் கழறவும் கழறாது.)

அடுத்து பெல்ட். பெல்ட் மாட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து பெல்ட்டே போடாத மாமாக்கள் நம்மூரில் நிறைய. பின் சீட்டில் கேட்கவே வேண்டாம். 2022 செப்டம்பர் 4-இல் மகாராஷ்டிராவின் பால்கர் பக்கம் டாட்டா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் இருந்தது பின் சீட்டில், பெல்ட் போடாமல். எத்தனை நல்ல கார் என்றாலும் அதுதான் கதி. பெல்ட்டின் பக்கிள் பொதுவாக ஒரு அமுக்கில் கழன்றுவிடும். கழறாமல் போவது அபூர்வம்: கார் தலைகீழாகக் கவிழ்ந்து ஆளின் முழு எடையும் பெல்ட்டில் தொங்கும்போது, அல்லது கதவு நசுங்கிப் பக்கிள் இருக்கிற இடத்துக்குக் கை போகாதபோது.

இன்னொன்று இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கட்டாயம் தெரிய வேண்டியது. சில கார்களில் பெல்ட்டை முழுசாகக் கடைசி வரை இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் உள்ளே மட்டும்தான் சுருளும், வெளியே வராது. சைல்டு சீட்டைக் கட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை விளையாட்டுக்குப் பக்கத்து பெல்ட்டை இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டால் நொடிக்கு நொடி இறுகும். பக்கிளில் மாட்டாத பெல்ட், ஆகவே அமுக்கிக் கழற்றவும் வழியில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமே இதைப் பற்றிப் பெற்றோருக்கு எச்சரிக்கை கொடுத்து, விடுவிக்க முடியாவிட்டால் கத்தரியால் வெட்டச் சொல்கிறது. கார் ஓடவே வேண்டாம், வீட்டு வாசலில் நிற்கிற காரிலும் நடக்கும்.

அந்த நேரத்தில் கூர்முனைக் கத்தியை விரித்து, அலறித் துடிக்கிற பிள்ளையின் கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நுழைக்க உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா? எனக்கு இல்லை. அதற்குத்தான் கொக்கிக் கத்தி. பிளேடு பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். விரலை விட்டால் படாது, பெல்ட்டை மட்டும் கவ்வும். பெல்ட்டின் அகலம் கிட்டத்தட்ட 46 மில்லிமீட்டர், பாலியஸ்டர் நெசவு, இழுத்து அறுக்க ஒன்றரை டன்னாவது வேண்டும். ஆனால் இறுக்கமாக இழுத்துப் பிடித்துச் சாய்வாகக் கொக்கியை மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தால் போய்விடும். நேராக வைத்து அரத்தால் அராவுகிற மாதிரி அராவினால் போகாது. மலிவு மடக்குக் கத்தியின் பிடியில் இருக்கும் பள்ளத்தில் பிளேடு இத்தனூண்டு, தீட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. இரண்டு தடவை எதையாவது வெட்டிப் பார்த்தாலே அதன் யோக்கியதை தெரிந்துவிடும்.

ஆகக் காருக்கு ஸ்பிரிங் பஞ்சும் கொக்கியும். எங்கே வைப்பது? டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தால் வைக்காத மாதிரிதான். கார் கவிழ்ந்தால் பெட்டி திறந்து எல்லாம் பறந்துவிடும், இல்லாவிட்டால் பெட்டி நெளிந்து திறக்கவே திறக்காது. பெல்ட்டில் தொங்கிக்கொண்டே கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு ஒன்று, பின் சீட்டுக்கு ஒன்று.

சாவிக்கொத்து பஞ்ச் பஸ்ஸுக்கும் உதவும். 2013 அக்டோபர் 30-இல் பெங்களூரில் இருந்து ஹைதராபாத் போன ஏசி பஸ் பாலெம் என்கிற இடத்தில் எரிந்து 45 பேர் செத்தார்கள். நாகர்கோவிலில் இருந்தும் திருவனந்தபுரத்தில் இருந்தும் ராத்திரி பஸ் ஏறிப் படிக்கவும் வேலைக்கும் போகிற நம்ம பிள்ளைகள் எத்தனை பேர். ஜன்னலுக்குப் பக்கத்தில் சுத்தியல் தொங்க வேண்டிய இடத்தில் கொக்கி மட்டும் தொங்குகிற பஸ்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இனி வள்ளம்.

கடலுக்குப் போகிறவருக்கு இந்த ஸ்பிரிங் பஞ்ச் எதற்கு? அவருக்குக் கயிறும் வலையும்தான் காரியம். ஓடுகிற எஞ்சினின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொள்ளும். நங்கூரக் கயிறு காலைச் சுற்றும். வள்ளம் கவிழ்ந்தால் மிதக்கிற வலையே பொறி. இங்கே வேண்டியது நிஜமான கத்தி. ஆனால் அந்தக் கடைக் கத்தி இல்லை.

நைலானும் பாலிப்ரொப்பிலீனும் நனைந்திருக்கும்போது வழுவழு பிளேடு மேலே வழுக்கும். ரம்பப் பல் வைத்த பிளேடு கவ்வி அறுக்கும். முனை மழுங்கலாக இருக்க வேண்டும். வள்ளம் ஆடும்போது கூர்முனை முதலில் குத்துவது பக்கத்தில் நிற்கிற ஆளைத்தான். பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகளின் கத்தி ஆட்டுக்குளம்பு மாதிரி மொட்டையாக இருந்ததை இப்போதும் கப்பல்காரர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆடுகிற இடத்தில் கயிறு அறுக்க அதுதான் தோது. அந்தக் கத்தியோடு முடிச்சு அவிழ்க்க ஒரு கூர்க்கம்பியும் மடங்கி இருக்கும்.

அப்புறம் உப்பு. மலிவுக் கத்தியில் "ஸ்டெய்ன்லெஸ்" என்று மட்டும் அடித்திருப்பான், என்ன எஃகு என்று சொல்ல மாட்டான். பிளேடில் துரு மெதுவாக ஏறும். பிளேடைப் பிடித்து நிறுத்துகிற லாக்கிலும் ஆணியிலும்தான் முதலில் ஏறும். ஒரு நாள் விரியாது. அதைவிட மோசம், விரிந்தது பூட்டாது. பூட்டாத மடக்குக் கத்தி அழுத்தும்போது மடங்கி நம் விரலையே அறுக்கும். எச்-1 மாதிரி துருவே பிடிக்காத எஃகும் இருக்கிறது, விலையைக் கேட்டால் வள்ளத்தையே விற்க வேண்டியிருக்கும். கொஞ்சம் மலிவில் வேண்டுமென்றால் ஸ்பைடர்கோ கம்பெனியின் பேர்டு வரிசையில் மொட்டை முனையும் ரம்பப் பல்லும் வைத்த ரெஸ்க்யூ மாடல் உண்டு, 8சிஆர்13எம்ஓவி எஃகு. அதையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் உப்பு விடாது.

என்னைக் கேட்டால் வள்ளத்துக்கு மடக்குக் கத்தியே தேவையில்லை. ரம்பப் பல் வைத்த, மடங்காத, மொட்டை முனைக் கத்தி, பிளாஸ்டிக் உறை, கயிறு போட்டுக் கட்ட ஓட்டை. மடங்காத கத்தியில் துரு பிடிக்க ஆணியும் இல்லை, ஈரக் கையால் விரிக்க வேண்டிய பாடும் இல்லை. பொழியூர்க்காரர் ஒருவர் எங்கள் யார்டில் ரிக்கராக இருக்கிறார். இங்கே வருவதற்கு முன் பதினைந்து வருஷம் கடலில் இருந்தவர். அவரிடம் இந்தப் பேச்சை எடுத்தபோது சொன்னது: "கத்தி கூரா இருந்தா மட்டும் போராது சாரே. கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டுனா அங்க இருக்கணும். கடல்ல விழுந்தவனுக்கு எது மேல எது கீழேன்னு தெரியாது." இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது?

2017 நவம்பர் 30-ஐ நம்ம கரையில் யாரும் மறக்க முடியாது. ஒக்கி. பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர், நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை என்று ஊர் ஊராகத் தேடினோம். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் கிடந்து பிழைத்து வந்தவர்களும் உண்டு, வராதவர்கள் நூற்றுக்கணக்கில். ஒரு கத்தி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்குக் கிடைக்காமல் போனது நேரத்தோடு ஒரு எச்சரிக்கை. ஆனால் அதற்கடுத்த வருஷம், 2018 ஆகஸ்டில், கேரளம் முழுகியபோது இதே கரையில் இருந்துதான் வள்ளங்களை லாரியில் ஏற்றிப் பத்தனம்திட்டைக்கும் செங்ஙன்னூருக்கும் போனார்கள். முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் ராணுவம் என்று சொன்னார். அந்த ராணுவத்துக்கு நாம் இங்கிருந்து வாங்கிக்கொண்டு போவது, ஒரு மாதத்தில் இறுகிப்போகிற பொம்மைக் கத்தியா?

மூன்றாவது, நம்ம வேலை இடம்.

ரிக்கிங், ஸ்காஃபோல்டிங் வேலையில் இருக்கிற தம்பிகள் இந்த மடக்குக் கத்தியை பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திரிவதை அடிக்கடி பார்க்கிறேன். பல தளங்களில் இதற்கு அனுமதியே கிடையாது. விரல் வெட்டுக் காயங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தத் தடை வந்தது. பிளேடு தானாக உள்ளே போய்விடுகிற கட்டர் அல்லது கொக்கிக் கத்திதான் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். பார்க்க ஸ்டைலாக இருக்காது, பத்து விரலும் இருக்கும் :-)

உயரத்தில் வேலை என்றால் கருவி எதுவானாலும் கயிறு போட்டுக் கட்டியிருக்க வேண்டும். 30 மீட்டர் உயரத்தில் இருந்து கை தவறுகிற சாமான் தரைக்கு வரும்போது மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர் வேகம். கத்தியாக இருக்க வேண்டுமென்றுகூட இல்லை, ஒரு நட்டு போதும்.

அதைவிட முக்கியம், சுமை ஏறின கயிற்றின் பக்கத்தில் திறந்த பிளேடைக் கொண்டுபோகக் கூடாது. தொங்கலான கயிறை அறுக்க நாலு இழுப்பு வேண்டும். இறுகி நிற்கிற கயிறு ஒரு உரசலில் போய்விடும். நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீண்டு நிற்பது, அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். உயிர்க்கயிற்றில் தொங்குகிற ஆளை இறக்கப் போனவர் அவசரத்தில் வேறு கயிறை உரசிவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் கொக்கிதான் கை கொடுக்கும், எந்தக் கயிறை மாட்டினோமோ அதைத்தான் அறுக்கும்.

யோசித்துப் பார்த்தால் இதெல்லாம் நம்மாட்களுக்குப் புதுசே இல்லை. பனையேறி இடுப்பில் கட்டியிருக்கிற அருவாப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். அத்தனை உயரத்தில் ஒரு கை பனையைப் பிடித்திருக்க, பார்க்காமலே மறு கை பாளை அருவாளை எடுக்கும், வேலை முடிந்ததும் பார்க்காமலே திருப்பி வைக்கும். அந்த அருவாளால் பாளை மட்டும்தான் சீவுவார். தேங்காய் உரிக்க மாட்டார், விறகு வெட்ட மாட்டார். ரப்பர் வெட்டுகிறவரின் கத்தி ரப்பருக்கு மட்டும். வீட்டு வெட்டுக்கத்தி வேறு. ஒரு வேலைக்கு ஒரு ஆயுதம், எட்டுகிற இடத்தில், எப்போதும் தீட்டி. கொல்லன் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பிளேட்டை அடித்துச் செய்த அந்த வெட்டுக்கத்தி, ஹைப்பர் மார்க்கெட் கத்தியைவிட எவ்வளவோ மேலான எஃகு. இதைத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு "நாலு இன் ஒண்ணு" விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்!

சட்டம் பற்றியும் கொஞ்சம். 2016-இல் வந்த இந்திய ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடுகள் ஆயுதக் கணக்கில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் சாமான்களுக்கு விலக்கு. நம்ம மடக்குக் கத்தி அந்த அளவைத் தொடாது. ஆனால் அளவு மட்டும் விஷயமில்லை. 2020 ஜனவரி 8-இல் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் கொல்லப்பட்டதை எல்லையில் வேலை பார்க்கிற போலீஸ்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார். ராத்திரி பத்து மணிக்கு வண்டியைத் திறந்து பார்க்கிறபோது கையில் ராணுவ டிசைனில் கறுப்புக் கத்தி கிடைத்தால் நாலு கேள்வி கேட்பது அவர் கடமை. ஆரஞ்சு நிறக் கொக்கியைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

பிரிட்டனில் இருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பூட்டிக்கொள்ளாத, 3 அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்திக்குத்தான் அங்கே விலக்கு. விரித்தால் பூட்டுகிற கத்தியைத் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் குற்றம். காரில் இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. பட்டனை அமுக்கினால் விரிகிற வகையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது. விமானத்தில் எங்கே இருந்து எங்கே போனாலும் கைப்பையில் வேண்டாம். கொக்கியும் பஞ்சும்கூடச் சோதனையில் போய்விடும். பெரிய பெட்டியில் வையுங்கள்.

நீளமாகப் போய்விட்டது. வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக:

1. காருக்கு: ஸ்பிரிங் பஞ்ச், கொக்கிக் கத்தி. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து சாவிக்கொத்து அளவில் வருவது நல்லது. கண்ணைப் பறிக்கிற நிறத்தில் வாங்குங்கள்.

2. வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்று பழகிப் பார்க்க. மலிவு நகல்களில் ஸ்பிரிங்கே அடிக்காத கேஸ் உண்டு.

3. ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்ட பழைய பெல்ட் ஒரு முழம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வீட்டில் எல்லோரும், பாட்டி உட்பட, ஒரு தடவை அறுத்துப் பார்க்கட்டும். கண்ணாடி உடைத்துப் பழக வேண்டுமென்றால் கண்ணுக்குக் கவசமும் கைக்கு உறையும் போட்டு, பழைய கதவுக் கண்ணாடியில்.

4. வள்ளத்துக்கு: ரம்பப் பல், மொட்டை முனை, மடங்காத பிளேடு, உறை, கட்டக் கயிறு. தலைக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று இல்லை.

5. உயரத்தில் வேலை செய்கிறவருக்கு: கம்பெனி தருகிற கட்டர். தராவிட்டால் கேளுங்கள். கொண்டுபோகிற எதுவும் கயிறில் கட்டியிருக்கட்டும்.

6. மடக்குக் கத்திதான் வேண்டுமென்று பிடிவாதமா? எஃகின் பெயர் எழுதியிருக்கிறதா, விரித்துப் பூட்டின பிறகு பிளேடை ஆட்டினால் ஆடுகிறதா, ஒரு கையால் மூட முடிகிறதா என்று பாருங்கள். ஆடினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் இங்கே கஷ்டப்பட்டுச் சேர்த்த காசில் ஊரில் கார் வாங்கிக் கொடுக்கிறோம். சீட்டுக்கு உறை, மிதியடி, கண்ணாடியில் தொங்கவிட மாலை என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். அந்தக் காரில் பின் சீட்டில் அம்மா உட்கார்ந்து போகிறார், பெல்ட் போடாமல். அடுத்த தடவை போனில் பேசும்போது "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டு, "பெல்ட்டு போடுறியாம்மா" என்றும் கேளுங்கள். பெல்ட் போட்டால்தான் அதை அறுக்கிற கருவிக்கே அர்த்தம் உண்டு.

பி.கு.: உங்கள் கார் ஜன்னலின் மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பாதிப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஊரில் வண்டி வைத்திருக்கிற அண்ணனிடமும் மச்சானிடமும் பார்க்கச் சொல்லுங்கள்.